பாயிங்க் நிரலில் கை வைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டுக் கணினியின் சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்க உதவும் பாயிங்க் மென்பொருளை எப்படி நிறுவுவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதன் நிரலைத் திருத்தவும், அதன்மேல் சொந்த ஆப் எழுதவும், சொந்தமாகத் திட்ட சர்வர் நடத்தவும் வருபவர்களின் சந்தேகங்கள் வேறு மாதிரியானவை. அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தந்திருக்கிறோம்.

1. ஸெட்டி@ஹோம் மூடிட்டாங்களே, இனிமே பாயிங்க்ல வேலை செஞ்சு என்ன பிரயோஜனம்?

வேற்றுக்கிரக உயிர்களின் வானொலிக் குறிகளைத் தேடிய ஸெட்டி@ஹோம் 1999 மே மாதம் தொடங்கியது. 2020 மார்ச் 31 அன்று புதிய வேலைகள் அனுப்புவதை நிறுத்தியது. அது பிற்காலத்தில் பாயிங்கின் மேல் ஓடிய திட்டங்களில் ஒன்று, அவ்வளவுதான். பாயிங்க் என்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2002இல் டேவிட் ஆண்டர்சன் தொடங்கிய பொதுத் தளம். பல்சர் தேடும் ஐன்ஸ்டைன்@ஹோம், புரத வடிவங்களைக் கணிக்கும் ரொசெட்டா@ஹோம், செர்ன் ஆய்வகத்தின் எல்ஹெச்சி@ஹோம், பகா எண் தேடும் பிரைம்கிரிட் எல்லாம் இதன்மேல்தான் எழுப்பப்பட்டவை. ஃபோல்டிங்@ஹோம் மட்டும் தனக்கென வேறு மென்பொருள் வைத்திருக்கிறது.

மூலநிரல் கிட்ஹப்பில் எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. உங்கள் ஆப்பின் நிரலை வெளியிடாமலேயே பாயிங்க் நூலகத்தோடு இணைத்துக்கொள்ள அந்த உரிமம் இடம் தருகிறது. பாயிங்கில் செய்யும் மாற்றங்களைப் பகிரும்போது நிபந்தனைகள் வரும்.

2. எனக்கு சி பிளஸ் பிளஸ் அவ்வளவா வராது. நான் எதுல கை வைக்கலாம்?

தன்னார்வலர் கணினியில் வேலைகளை வாங்கி ஓட்டும் கிளையன்ட், சர்வர் நிரல்கள், ஆப் நூலகம் எல்லாம் சி பிளஸ் பிளஸ். மேனேஜர் எனப்படும் முகப்பு டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸில் எழுதப்பட்டது. திட்டங்களின் இணையப் பக்கங்கள் பிஹெச்பி. சர்வரைத் தொடங்கவும் நிறுத்தவும் உள்ள கருவிகளில் பல பைத்தான். தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி. ஆண்ட்ராய்டு முகப்பு தனி. மொழிபெயர்ப்பு டிரான்ஸிஃபெக்ஸ் வழியாக நடக்கிறது, அதற்கு நிரல் எழுதவே தெரிய வேண்டாம்.

பிஹெச்பி தெரிந்தவர்களுக்கு உடனே வேலை இருக்கிறது. அந்தப் பக்கம் பழைய நிரல் அதிகம், ஆள் குறைவு.

3. சோர்ஸை இறக்கி கான்ஃபிகர் போட்டா மைஎஸ்க்யூஎல் இல்ல, டபிள்யூஎக்ஸ் இல்லன்னு ஏகப்பட்ட எரர் வருது. என்ன பண்றது?

எல்லாவற்றையும் ஒரேயடியாக பில்ட் செய்யப் போனால் அப்படித்தான் வரும். லினக்ஸில் முதலில் கிளையன்டை மட்டும் பில்ட் செய்யுங்கள். ஜி பிளஸ் பிளஸ், மேக், எம்4, லிப்டூல், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், பேக்கேஜ்கான்ஃபிக் இவற்றோடு கர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல் இரண்டின் டெவலப்மென்ட் பேக்கேஜ்களும் போதும். மூல அடைவில் உள்ள ஆட்டோசெட்டப் ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். பிறகு சர்வரையும் மேனேஜரையும் டிஸேபிள் செய்யும் இரண்டு விருப்பங்களோடு கான்ஃபிகர், கடைசியில் மேக்.

கிட்டில் கிளையை மாற்றியபின் விநோதமான லிங்க் பிழைகள் வந்தால் நிரலில் குறை தேடாதீர்கள். மேக் கிளீன் போட்டு, ஆட்டோசெட்டப்பிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். விண்டோஸுக்கு விஷுவல் ஸ்டுடியோ கோப்புகளும் ஆப்பிளின் மேக் கணினிக்கு எக்ஸ்கோடு கோப்புகளும் தனித்தனி அடைவுகளில் இருக்கின்றன. புதிதாக ஒரு மூலக்கோப்பு சேர்த்தால் மூன்று இடத்திலும் அதன் பெயரைச் சேர்க்க வேண்டும். புல் ரிக்வெஸ்ட்டின், அதாவது சேர்த்துக்கொள்ளும்படி நீங்கள் அனுப்பும் திருத்தத்தின், தானியங்கி பில்ட் உடைவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதை மறப்பதுதான்.

4. என் மெஷின்ல ஏற்கனவே பாயிங்க் ஓடுது. நான் பில்ட் பண்ணினதை அதைக் கெடுக்காம எப்படி ஓட்டிப் பாக்கிறது?

கிளையன்டுக்குத் தனி டேட்டா அடைவு கொடுங்கள். பல கிளையன்டுகளை அனுமதிக்கும் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முகப்பு பேசும் போர்ட்டையும் மாற்றுங்கள். வழக்கமானது 31416, அதாவது பையின் முதல் இலக்கங்கள். இதை மாற்றாமல் விட்டால் மேனேஜரைத் திறக்கும்போது எந்த கிளையன்டோடு பேசுகிறீர்கள் என்று தெரியாமல் போகும்.

இன்னொரு கண்ணி சர்வர் பக்கம் இருக்கிறது. அதே கணக்கில், அதே திட்டத்தில், அதே கணினியிலிருந்து இரண்டாவது கிளையன்டை இணைத்தால், பழைய கிளையன்ட் போய்விட்டது என்று சர்வர் முடிவு கட்டி, கையிலிருக்கும் வேலைகளைக் கைவிடப்பட்டவையாகக் குறித்துவிடலாம். அதனால் சோதனைக்கு உங்கள் சொந்தச் சோதனைத் திட்டத்தையே பயன்படுத்துங்கள். மேக் ப்ராஜெக்ட் ஸ்கிரிப்ட்டில் டெஸ்ட் ஆப் விருப்பத்தைக் கொடுத்தால், ஆங்கிலச் சிறிய எழுத்துகளைப் பெரிய எழுத்தாக மாற்றும் மாதிரி ஆப்போடு ஒரு திட்டம் உருவாகும். முழுச் சுற்றையும் பார்க்க அதுவே போதும்.

5. ஒரே ப்ராஜெக்ட்ல வேலையைக் குவிக்குது, இன்னொண்ணுல வாங்கவே மாட்டேங்குது. இது பக் தானே?

பெரும்பாலும் இல்லை. கிளையன்ட் கையிருப்பைப் பார்த்துத்தான் வேலை கேட்கும். இயல்பான அமைப்பில் 0.1 நாள் குறைந்தபட்சம், மேலும் 0.5 நாள் கூடுதல். எந்தத் திட்டத்திடம் கேட்பது என்பது, அண்மையில் ஒவ்வொரு திட்டத்துக்கும் எவ்வளவு கணினி உழைப்பு போயிருக்கிறது என்ற கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கு 10 நாள் அரை ஆயுளோடு தேய்கிறது. ஆகவே திட்டங்களுக்கு நீங்கள் வகுத்த பங்கு விகிதம் ஒரே நாளில் சரியாக வராது, வாரக்கணக்கில் பார்க்க வேண்டும். கெடு தவறும் என்று கிளையன்டின் உள்கணக்கு சொன்னால், பங்கை ஒதுக்கிவைத்துவிட்டு கெடு முன்னால் வரும் வேலையை முதலில் ஓட்டும்.

பக் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் கிளையன்டின் அமைப்புகள் இருக்கும் சிசி கான்ஃபிக் கோப்பில் வொர்க் ஃபெட்ச் டீபக், சிபியு ஷெட் டீபக், ஆர்ஆர் சிமுலேஷன் என்ற மூன்று லாக் கொடிகளை இயக்குங்கள். ஒவ்வொரு திட்டத்திடமும் ஏன் கேட்கவில்லை என்பதற்கான காரணத்தை லாக் வரிக்கு வரி சொல்லும். அதன்பிறகும் புரியாவிட்டால் கிளையன்ட் நிலைக் கோப்பை எடுத்து, மூலநிரலோடு வரும் சிமுலேட்டரில் போடுங்கள். கிளையன்டின் அதே திட்டமிடல் நிரலை அது கற்பனைக் கடிகாரத்தில் ஓட்டுவதால் பல நாள் நடப்பைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். திட்டமிடலில் செய்யும் எந்தத் திருத்தத்தையும் இதில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டாமல் அனுப்பாதீர்கள். ஒருவருடைய கணினியில் சரியாகும் திருத்தம் இன்னொருவருடையதில் ஜிபியுவைச் சும்மா உட்கார வைக்கும்.

6. என் ஆராய்ச்சி புரோகிராமை பாயிங்க்ல ஓட்ட எவ்வளவு மாத்தணும்?

குறைந்தபட்சம் மூன்று இடம்: தொடக்கத்தில் பாயிங்க் இனிட் அழைப்பு, முடிவில் பாயிங்க் ஃபினிஷ் அழைப்பு, கோப்பு திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் பெயரை மாற்றித் தரும் ரிசால்வ் ஃபைல்நேம் அழைப்பு. இதற்கு மேல், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர நிலையைச் சேமிக்கும் செக்பாயின்ட்டும், எவ்வளவு முடிந்தது என்று சொல்லும் ஃபிராக்‌ஷன் டன் அழைப்பும் வேண்டும். கிளையன்ட் இல்லாமல் தனியாக ஓட்டினாலும் இந்த அழைப்புகள் தடுக்காது. அதனால் டீபக்கரில் வழக்கம்போலப் பார்க்கலாம்.

மெயின் முடிந்து ரிட்டர்ன் ஆனாலே போதும் என்று ஃபினிஷ் அழைப்பை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் ஆப் வெளியேறினால் வேலை முடிந்ததாக கிளையன்ட் எடுத்துக்கொள்ளாது. திரும்பவும் தொடங்கும், திரும்பவும் வெளியேறும், கடைசியில் பிழையாக மூடும்.

7. தனியா ஓட்டினா நல்லா ஓடுது. பாயிங்க்ல ஓட்டினா இன்புட் ஃபைலைத் திறந்ததும் குப்பையா ஒரு வரி வருது. ஃபைல் டவுன்லோடு ஆகலையா?

டவுன்லோடு ஆகியிருக்கும். ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் ஸ்லாட்ஸ் அடைவில் 0, 1, 2 என்று ஓர் அறை கிடைக்கும். உண்மையான கோப்பு இருப்பதோ ப்ராஜெக்ட்ஸ் அடைவில். ஸ்லாட்டுக்குள் அதே பெயரில் இருப்பது, சாஃப்ட் லிங்க் என்ற குறிக்குள் இரண்டு படி மேலேறி ப்ராஜெக்ட்ஸ் அடைவுக்குப் போகும் பாதையை எழுதிய ஒற்றை வரி எக்ஸ்எம்எல். நீங்கள் கண்ட குப்பை அதுதான். ஒரே கோப்பைப் பல வேலைகள் நகல் எடுக்காமல் பகிர்ந்துகொள்ளவே இந்த ஏற்பாடு.

ரிசால்வ் அழைப்பு அந்த வரியைப் படித்து உண்மைப் பாதையைத் தரும். மூலத்தைத் தொட முடியாத ஆப் என்றால் வேலையின் கோப்புகளை விவரிக்கும் டெம்ப்ளேட்டில் காப்பி ஃபைல் என்று குறித்துவிடுங்கள், கோப்பே ஸ்லாட்டுக்குள் நகலாகும். வெளியீட்டுக் கோப்புக்கும் இதே கதைதான். ரிசால்வ் செய்யாமல் எழுதினால் விடை ஸ்லாட்டில் தங்கிவிடும், அப்லோடு செய்ய ஒன்றும் இருக்காது.

8. செக்பாயின்ட் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுதணும்?

அதை முடிவு செய்வது நீங்கள் அல்ல, கணினியின் சொந்தக்காரர். வட்டில் எழுதும் இடைவெளி அவர் விருப்பத்தில் இருக்கிறது, இயல்பாக 60 வினாடி. உங்கள் ஆப் நிலையைச் சேமிக்கத் தோதான ஒவ்வொரு இடத்திலும், அதாவது உள்சுற்று முடியும்போதெல்லாம், டைம் டு செக்பாயின்ட் என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் மட்டும் எழுதி, எழுதி முடித்ததும் கம்ப்ளீட்டட் என்று சொல்ல வேண்டும். கேட்பதற்குச் செலவு மிகக் குறைவு, வினாடிக்குப் பலமுறை கேட்டாலும் பரவாயில்லை.

பழைய செக்பாயின்ட் கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தற்காலிகப் பெயரில் எழுதி மூடி, பிறகு பெயர் மாற்றுங்கள். பெயர் மாற்றவும் பாயிங்க் நூலகத்தின் ரீநேம் அழைப்பையே பயன்படுத்துங்கள். விண்டோஸில் சாதாரண ரீநேம் ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் வேலை செய்யாது. ஆன்டிவைரஸ் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் நூலக அழைப்பு கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும்.

வெளியீட்டுக் கோப்பில் வரி வரியாகச் சேர்த்துக்கொண்டே போகும் ஆப்புகளுக்கு இன்னொரு தொல்லை. செக்பாயின்ட்டுக்குப் பின் எழுதிய வரிகள், மறுதொடக்கத்துக்குப் பின் இரண்டாம் முறையும் வரும். செக்பாயின்ட்டில் கோப்பின் நீளத்தையும் சேமித்து, திரும்பத் தொடங்கும்போது அந்த நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். 12ஆம் கேள்வியில் வரும் ஒத்துப்போகாத விடைகளில் கணிசமானவை இதனால் வருபவை.

9. என் புரோகிராம் பைத்தான்ல இருக்கு. இல்லன்னா சோர்ஸே என்கிட்ட இல்ல. வழி இருக்கா?

இருக்கிறது. வ்ராப்பர் என்ற சிறு நிரல் பாயிங்கோடு பேசும் வேலையைத் தான் ஏற்றுக்கொண்டு, உங்கள் நிரலைக் குழந்தைச் செயலாக ஓட்டும். எதை ஓட்டுவது, எந்தச் செக்பாயின்ட் கோப்பைக் கவனிப்பது என்பதை ஜாப் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதுகிறோம். பைத்தான் என்றால் பைஇன்ஸ்டாலர் போன்றதில் ஒற்றை இயங்குகோப்பாகக் கட்டி அனுப்புவது நல்லது. தன்னார்வலர் கணினியில் பைத்தான் இருக்கும், அதுவும் உங்களுக்கு வேண்டிய பதிப்பே இருக்கும் என்று நம்ப முடியாது.

கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்கான வ்ராப்பரும் உண்டு, எல்ஹெச்சி@ஹோம் அதை நிறையப் பயன்படுத்துகிறது. ஒரே லினக்ஸ் பிம்பம் எல்லா இயங்குதளத்திலும் ஓடும் என்பது பெரிய லாபம். தன்னார்வலர் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவியிருக்க வேண்டும், பயாஸில் விர்ச்சுவலைசேஷன் இயங்க வேண்டும், நூற்றுக்கணக்கான எம்பி பிம்பத்தை இறக்க வேண்டும். இதற்கெல்லாம் தயாராக இருப்பவர்கள் ஒரு பகுதிதான். சாதாரண ஆப் எழுத முடியும் என்றால் அதையே எழுதுங்கள்.

10. நல்லா ஓடிட்டிருந்த வேலை எல்லாம் 197னு எரர் போட்டு நின்னுபோகுது. என்ன தப்பு?

197 என்பது நேர வரம்பு தாண்டியது என்று பொருள். 196 வட்டு வரம்பு, 198 நினைவக வரம்பு. மூன்றும் நீங்கள் வேலையை உருவாக்கும்போது கொடுத்த, அல்லது கொடுக்காமல் விட்ட, எண்களிலிருந்து வருபவை.

எதுவும் சொல்லாவிட்டால் கிரியேட் வொர்க் கருவி மதிப்பீட்டுக்கு 3.6 × 10¹² மிதவைப்புள்ளிக் கணக்குகளையும், உச்ச வரம்புக்கு 8.64 × 10¹³ஐயும் வைக்கும். கிளையன்ட் அந்த வரம்பை ஆப் ஓடும் வேகத்தின் மதிப்பீட்டால் வகுத்து நேரமாக்கும். வேகம் 4 கிகாஃப்ளாப்ஸ், அதாவது வினாடிக்கு 400 கோடி மிதவைப்புள்ளிக் கணக்கு, என்றால் 21,600 வினாடி, அதாவது 6 மணி நேரம். அதே வேலையின் ஜிபியு பதிப்புக்கு 40 கிகாஃப்ளாப்ஸ் என்று மதிப்பிட்டால் 36 நிமிடத்தில் வெட்டு விழும். ஆப் உண்மையில் அவ்வளவு வேகம் இல்லாவிட்டால் நல்ல வேலையெல்லாம் பாதியில் சாகும். புதிய ஆப் பதிப்பு வெளியிட்ட அன்று 197 குவிவதற்குக் காரணம் இதுதான்.

வேகம் தெரிந்த ஒரு கணினியில் ஓட்டி, எடுத்த நேரத்தை அதன் வேகத்தால் பெருக்கி மதிப்பீட்டை வையுங்கள். 4 கிகாஃப்ளாப்ஸில் 2 மணி நேரம் என்றால் 2.88 × 10¹³. வரம்பை அதைப்போல 10 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். போகப்போக சர்வர் தானாகக் கற்றுக்கொள்ளும், ஆனால் ஒரு ஆப் பதிப்புக்கு 100 முடிந்த வேலைகளும் ஒரு கணினிக்கு 10ம் சேர்ந்த பிறகுதான் அந்தப் புள்ளிவிவரத்தை நம்பத் தொடங்கும். அதுவரை உங்கள் எண்தான் கதி. வரம்பை மட்டும் தாறுமாறாக ஏற்றி மதிப்பீட்டைத் தப்பாகவே விட்டால் 197 போய்விடும், கிளையன்டுகள் தாங்காத அளவு வேலை வாங்கிக் கெடு தவறவிடுவது நின்றுவிடாது.

11. சர்வர்ல ஒரு வேலை எங்கிருந்து எங்க போகுது? எது மாட்டினா எங்க பாக்கிறது?

வொர்க் ஜெனரேட்டர் தரவுத்தளத்தில் ஒரு வேலையை எழுதும். டிரான்ஸிஷனர் அதற்கு வேண்டிய பிரதிகளை உண்டாக்கும். ஃபீடர் அனுப்பாத பிரதிகளை எடுத்துப் பகிர்வு நினைவகத்தில் வைக்கும். கிளையன்ட் கேட்டதும் ஷெட்யூலர் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். விடைகள் திரும்பி வந்ததும் வேலிடேட்டர் ஒப்பிட்டு, ஒன்றைச் சரியானதாகத் தேர்ந்தெடுக்கும். அசிமிலேட்டர் அதை ஆராய்ச்சியாளரின் இடத்துக்கு எடுத்துப் போகும். ஃபைல் டிலீட்டரும் டிபி பர்ஜும் துப்புரவு செய்யும்.

இவை ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை. தரவுத்தளத்தில் கொடி வைப்பதும் பார்ப்பதும்தான். அதனால் ஒன்று விழுந்தாலும் மற்றவை ஓடும், விழுந்ததன் வாசலில் மட்டும் வரிசை நீளும். சர்வர் நிலைப் பக்கத்தில் சரிபார்ப்புக்குக் காத்திருப்பவை ஏறினால் வேலிடேட்டர் லாக்கைப் பாருங்கள், துப்புரவுக்குக் காத்திருப்பவை ஏறினால் ஃபைல் டிலீட்டர் லாக்கை.

12. ரெண்டு கம்ப்யூட்டரும் ஒழுங்கா ஓட்டியிருக்கு, ஆனா விடை ஒத்துப்போகல. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். கம்பைலர், கணித நூலகம், சிபியு வகை மாறினால் மிதவைப்புள்ளி விடையின் கடைசி இலக்கங்கள் மாறும். நிலையான கணக்கில் வித்தியாசம் அப்படியே சிறிதாக இருக்கும். அங்கே வேலிடேட்டரின் ஒப்பீட்டுப் பகுதியில் சகிப்பளவு வைத்து எழுதினால் முடிந்தது. முழு எண் கணக்கு என்றால் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் மாதிரி வேலிடேட்டரே போதும்.

வானிலை, மூலக்கூறு இயக்கம் போன்றவற்றில் அந்தச் சிறு வித்தியாசம் வளர்ந்து, முடிவில் இரண்டு விடையும் வேறு வேறாகிவிடும். எந்தச் சகிப்பளவும் உதவாது. அப்போது ஹோமோஜீனியஸ் ரிடன்டன்சியை இயக்குங்கள். ஒரு வேலையின் முதல் பிரதி எந்த வகைக் கணினிக்குப் போனதோ, மற்றப் பிரதிகளும் அதே இயங்குதள, சிபியு வகைக்கே போகும். இதற்குக் கொடுக்கும் விலை 15ஆம் கேள்வியில் வருகிறது.

13. ஒவ்வொரு வேலையையும் ரெண்டு தரம் ஓட்டுறது பாதி சக்தியை வீணாக்குறதில்லையா?

ஆம், ஆனால் முன்பின் தெரியாதவர் கணினியிலிருந்து வரும் விடையை வேறெப்படி நம்புவது? அளவுக்கு மேல் வேகம் கூட்டி (ஓவர்கிளாக் செய்து) சூடேறிய கணினி பொய்யென்று தெரியாமலே தப்பான விடை தரும். கிரெடிட் என்ற மதிப்பெண்ணுக்காக வேண்டுமென்றே ஏமாற்றுபவர்களும் உண்டு. அதனால் இயல்பான கோரம் (குவோரம்), அதாவது ஒத்துப்போக வேண்டிய விடைகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை, 2.

சக்தியைச் சேமிக்க அடாப்டிவ் ரெப்ளிகேஷன் இருக்கிறது. ஒரு கணினி ஒரு ஆப் பதிப்பில் தொடர்ந்து 10க்கு மேல் சரியான விடை தந்திருந்தால், பெரும்பாலும் இரண்டாம் பிரதி இல்லாமலே அதன் விடையை ஏற்கும். இடையிடையே எதிர்பாராமல் சோதிக்கும், ஒரு தப்பு வந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகும். விடையைப் பார்த்தே சரியா என்று சொல்லிவிட முடிகிற கணக்குகளுக்கு இதுவும் வேண்டாம், கோரம் 1 போதும்.

14. என் சர்வரை யாராவது ஹேக் பண்ணினா எல்லார் கம்ப்யூட்டருக்கும் வைரஸ் போயிடுமா?

கையொப்பச் சாவியை ஒழுங்காக வைத்திருந்தால் போகாது. ஒவ்வொரு ஆப் கோப்பும் திட்டத்தின் தனிச்சாவியால் கையொப்பமிடப்படும், கிளையன்ட் பொதுச்சாவியால் சரிபார்த்த பிறகுதான் ஓட்டும். ஆனால் மேக் ப்ராஜெக்ட் அந்தத் தனிச்சாவியை சர்வரின் கீஸ் அடைவிலேயே உண்டாக்கி வைக்கிறது. சோதனைக்குச் சரி. வெளியாட்களைச் சேர்க்கும் நாளுக்கு முன் அதை வலையில் இல்லாத ஒரு கணினிக்கு மாற்றி, சர்வரிலிருந்து அழியுங்கள். புதிய பதிப்பைப் பென் டிரைவில் அங்கே கொண்டுபோய்க் கையொப்பமிட்டு, கையொப்பக் கோப்போடு திரும்பக் கொண்டுவாருங்கள். சலிப்பான வேலைதான், இதில் சலுகையே கிடையாது.

ஒருமுறை வெளியான கோப்பை அதே பெயரில் மாற்றவும் கூடாது. கிளையன்டிடம் இருப்பதும் சர்வரில் இருப்பதும் செக்சம் ஒத்துப்போகாமல் வேலைகள் பிழையாகும். பதிப்பு எண்ணைக் கோப்புப் பெயரிலேயே வையுங்கள்.

15. அனுப்பாத வேலை ஆயிரக்கணக்கில இருக்கு, ஆனா கேக்கிறவங்களுக்கு வேலை இல்லன்னு ஷெட்யூலர் சொல்லுது. எப்படி?

ஷெட்யூலர் தரவுத்தளத்தைத் தேடுவதில்லை, 11இல் சொன்ன பகிர்வு நினைவகத்தை மட்டும் பார்க்கும். அதில் இயல்பாக 100 இடங்கள். ஒரு பழைய இயங்குதளத்துக்கென்று ஒதுக்கப்பட்ட பிரதிகள் அந்த 100ஐயும் அடைத்துக்கொண்டால், அந்த வகைக் கணினி வரும்வரை மற்ற எல்லோருக்கும் வெறுங்கைதான். ஹோமோஜீனியஸ் ரிடன்டன்சி வைத்திருப்பவர்கள் சந்திக்கும் விலை இது.

இடங்களைப் பெருக்குங்கள், வகைவாரியாக இடம் ஒதுக்கும் ஹெச்ஆர் அலக்கேட் ஸ்லாட்ஸ் அமைப்பை இயக்குங்கள், பல ஆப்புகள் இருந்தால் ஃபீடருக்கு ஆல்ஆப்ஸ் விருப்பத்தைக் கொடுங்கள். அப்படியும் வேலை போகாவிட்டால் சர்வர் கான்ஃபிக்கில் டீபக் செண்ட், டீபக் வெர்ஷன் செலக்ட் இரண்டையும் போட்டு ஷெட்யூலர் லாக்கைப் படியுங்கள். நினைவகம் போதாது, கெடுவுக்குள் முடியாது, இந்தத் தளத்துக்கு ஆப் பதிப்பு இல்லை என்று ஒவ்வொரு மறுப்புக்கும் காரணம் எழுதியிருக்கும்.

16. ஆண்ட்ராய்டு போன்ல ஓட ஆப் பில்ட் பண்ணினேன். சில போன்ல தொடங்கினதுமே செத்துப்போகுது.

5.0 முதல் ஆண்ட்ராய்டு, பொசிஷன் இண்டிபென்டன்ட் முறையில் (நினைவகத்தின் எந்த இடத்திலும் ஏற்றக்கூடியபடி) கட்டாத இயங்குகோப்பை ஓட்டாது. அந்த கம்பைலர் விருப்பத்தைச் சேருங்கள். 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் தனிப் பதிப்பு வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆண்ட்ராய்டு 10இல் வந்தது. அதைக் குறிவைத்துக் கட்டிய செயலிகள், தம் சொந்த அடைவில் இறக்கிய கோப்பை இயக்கத் தடை. திட்டத்தின் ஆப்பை இறக்கி ஓட்டுவதுதான் பாயிங்கின் வேலையே என்பதால் இந்த விதி அதன் அடிமடியில் கை வைக்கிறது. சுலபமான திருத்தம் இதற்கு இல்லை. போனில் வேலை தொடங்கவே இல்லை என்றால் அது வேறு: சார்ஜில் இருக்க வேண்டும், பேட்டரி 90 சதவீதம் இருக்க வேண்டும், 40 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்பவை இயல்பான அமைப்புகள்.

17. கிரெடிட் எப்படிக் கணக்குப் பண்றாங்க?

1 கிகாஃப்ளாப்ஸ் வேகக் கணினி ஒரு நாள் முழுக்க ஓடினால் 200 கிரெடிட். ஒரு கிரெடிட் என்ற அலகுக்கு காப்ள்ஸ்டோன் என்று பெயர். திட்டத்துக்குத் திட்டம் இது சமமாக வருவதில்லை. தீராத சண்டை, அதில் நிரல் எழுதி நேரம் செலவிடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

18. நல்ல திருத்தம்தான் அனுப்பினேன், ஏத்துக்கல. ஏன்?

பெரும்பாலும் பழைய பதிப்புகளை மறந்திருப்பீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நிறுவிய கிளையன்டுகள் இன்றும் வேலை கேட்டு வருகின்றன, அவற்றை அப்டேட் செய்யச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. எனவே கிளையன்டும் சர்வரும் பேசும் எக்ஸ்எம்எல்லில் புதிய குறி சேர்க்கலாம், தெரியாத குறியைப் பழையவை தாண்டிப் போகும். இருக்கும் குறியின் அர்த்தத்தை மாற்றக் கூடாது. தரவுத்தள அட்டவணையை மாற்றினால், ஏற்கெனவே ஓடும் திட்டங்கள் மேம்படுத்திக்கொள்ள அதற்கான அப்டேட் நிரலையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு மாற்றம். வழியில் கண்ட இடைவெளிகளையும் வரி ஒழுங்கையும் சீர்செய்து கலக்காதீர்கள், பார்ப்பவருக்கு உண்மை மாற்றம் எது என்று தெரியாமல் போகும். எந்த லாக் கொடியைப் போட்டால் பழைய தவறு தெரியும், திருத்தியபின் அதே லாக் என்ன சொல்கிறது என்ற இரண்டு துண்டுகளையும் விளக்கத்தில் ஒட்டுங்கள். நிரலின் உள்ளமைப்பு புரிந்த ஆட்கள் மிகக் குறைவு. பத்து நிமிடத்தில் சரிபார்க்கக்கூடியதை இன்றே பார்த்துவிடுவார்கள், அரை நாள் கேட்கும் திருத்தம் வரிசையிலேயே கிடக்கும்.